தற்செயலுக்கு எவ்வளவு இடம்?

2025 நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் ஓடுதளத்தில், ஸ்டாக் கார் பந்தயத் தொடரான நாஸ்கார் கோப்பை சீசனின் கடைசிப் பந்தயம் நடந்தது. டென்னி ஹாம்லின் அன்று 208 சுற்றுகள் முன்னணியில் ஓடினார். இருபது சீசன்களாகக் கைக்கு எட்டாத பட்டத்துக்கு இன்னும் மூன்று சுற்றுகள்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து வில்லியம் பைரனின் டயர் காற்றிழந்து கார் சுவரில் மோத, பந்தயத்தை நிதானப்படுத்தும் மஞ்சள் கொடி விழுந்தது. எல்லோரும் டயர் மாற்றும் பிட்டுக்குள் நுழைந்தார்கள். ஹாம்லின் நான்கு டயரையும் மாற்றினார்; கைல் லார்சன் இரண்டை மட்டும் மாற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் வெளியே வந்தார். பந்தயம் மீண்டும் தொடங்கி முடிந்தபோது லார்சன் மூன்றாவது, ஹாம்லின் ஆறாவது. அன்று பட்டத்துக்குப் போட்டியிட்டவர்கள் நால்வர் மட்டுமே; அவர்களில் முன்னால் முடிப்பவரே சாம்பியன். பந்தயத்தை வென்ற ரயன் பிளேனி அந்த நால்வரில் ஒருவரே அல்ல. அன்று ஒரு சுற்றுகூட முன்னணியில் ஓடாத லார்சன், 36 பந்தயங்கள் கொண்ட ஆண்டின் சாம்பியன் ஆனார். 2026 ஜனவரியில், கடைசி ஒற்றைப் பந்தயம் பட்டத்தைத் தீர்மானிக்கும் முறையை நாஸ்கார் கைவிட்டது. கடைசிப் பத்துப் பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும் பழைய முறைக்குத் திரும்புவதாக அறிவித்தது.

ஒரு விளையாட்டின் விதியை மாற்றினால் கூட்டம் கூடுமா, குறையுமா? இதைக் கேட்பதற்கு ஸ்டாக் கார் பந்தயத்தைவிடப் பொருத்தமான விளையாட்டு இல்லை. கால்பந்தின் விதிகள் மெதுவாகத்தான் மாறுகின்றன. நாஸ்காரோ ஒரு குடும்பத்தின் கையில் இருக்கும் நிறுவனம். நினைத்தால் அடுத்த சீசனிலேயே மாற்றிவிடும், சமயத்தில் அடுத்த வாரத்திலேயே. கடந்த இரண்டு தலைமுறைகளில் அது செய்த மாற்றங்களை அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் துலங்குகிறது. பந்தயம் எப்படி ஓடுகிறது என்பதைத் தொடும் விதிகளை ரசிகர்கள் பெருமளவு பொறுத்துக்கொள்கிறார்கள். ஆண்டின் சிறந்தவர் யார் என்று எண்ணும் முறையில் கை வைக்கும்போதுதான் நம்பிக்கை கழல்கிறது. காரணத்தைப் புள்ளியியலில் தேட வேண்டும்.

விதிகளும் தகராறும் இங்கே பிறப்பிலேயே சேர்ந்தவை. பில் ஃபிரான்ஸ் 1947 டிசம்பரில் டேடோனா கடற்கரை நகரில் ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டு நாஸ்காருக்கு வித்திட்டார். ஷோரூமில் விற்கும் கார்களைக் கொண்டே ஓட வேண்டும் என்ற கட்டளையுடன் 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் நடந்த முதல் பந்தயத்தில் கோட்டை முதலில் தாண்டியவர் கிளென் டனவே. பரிசோதித்தபோது பின்பக்க ஸ்பிரிங்குகளைத் திருத்தியிருந்தது தெரிந்தது. கள்ளச்சாராயம் கடத்தும் கார்களுக்குச் செய்யும் திருத்தம் அது. பரிசு ஜிம் ரோப்பருக்குப் போனது. டனவேயின் கார் உரிமையாளர் நீதிமன்றம் போனார், தோற்றார். அன்றைய தீர்ப்பில்தான் நாஸ்காரின் அதிகாரம் வேர்விட்டது. விதியை எழுதுபவன், பந்தயம் முடிந்த பிறகும் வெற்றியாளனை மாற்றலாம்.

பந்தயத்தின் உடலைத் தொட்ட விதிகளில் மிகப் பெரியது 1988-இல் வந்தது. முந்தைய ஆண்டு டாலடேகா ஓடுதளத்தில் பில் எலியட் மணிக்கு 342 கிலோமீட்டர் வேகத்தில் தகுதிச் சுற்றை ஓடியிருந்தார். அதே வார இறுதியில் பாபி ஆலிசனின் கார் பறந்துபோய்ப் பார்வையாளர் வேலியைக் கிழித்தது. கார் வேலியைத் தாண்டியிருந்தால் நாஸ்காரே இருந்திருக்காது என்று சொல்வது மிகையல்ல. டேடோனாவிலும் டாலடேகாவிலும் கார்புரேட்டருக்கு அடியில் துளையிட்ட உலோகத் தகடு ஒன்றைச் செருகச் சொன்னார்கள். எஞ்சினுக்குப் போகும் காற்று குறைந்தது, திறன் குறைந்தது. டேடோனாவில் 1987-இன் முன்னணித் தகுதி வேகம் மணிக்கு 338 கிலோமீட்டர், 1988-இல் 312. எட்டு விழுக்காடு சரிவு. காற்றெதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் கனத்துக்கு ஏற்ப உயர்வதால், இந்த எட்டு விழுக்காட்டு வேகத்தைக் குறைக்க ஏறக்குறைய 22 விழுக்காடு திறனைப் பறிக்க வேண்டும். பொறியாளருக்கு இது பெரிய இழப்பு. கேலரியில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கோ 338-க்கும் 312-க்கும் வித்தியாசமே தெரியாது.

தெரிந்தது வேறொன்று. திறன் கட்டுப்பட்டதால் எல்லாக் கார்களும் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடின. முன்னால் போகும் கார் கிழித்துத் தரும் காற்றில் பின்னால் வருவது ஒட்டிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து ஓடினால் தனியாக ஓடுவதைவிட வேகம் அதிகம். அதனால் முப்பது கார்கள் ஒரே மந்தையாகச் சுற்றத் தொடங்கின; ஒருவர் சறுக்கினால் பதினைந்து பேர் காலி. ஓட்டுநர்கள் வெறுத்தார்கள், பழம் ரசிகர்களில் பலர் இது பந்தயமே அல்ல என்றார்கள். கூட்டம் மட்டும் குறையவில்லை. 1990-கள் முழுக்க நாஸ்கார் வளர்ந்தது. 2001-இல் தொடங்கிய ஆறாண்டுத் தொலைக்காட்சி ஒப்பந்தம் சுமார் 240 கோடி டாலர். 2000 அக்டோபரில் டாலடேகாவில் நட்சத்திர ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் கடைசி ஐந்தே சுற்றுகளில் 18-வது இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்தது அந்தத் தகடு இல்லாமல் சாத்தியமே இல்லை. அந்தத் தகட்டை வாய்விட்டுத் திட்டியவர்களில் அவரும் ஒருவர் என்பது தனி வேடிக்கை. அவருடைய 76-வது வெற்றி அது, கடைசி வெற்றியும் அதுவே. நான்கு மாதம் கழித்து டேடோனாவில் இறந்தார். அந்த ஆண்டே கழுத்தைக் காக்கும் கருவி கட்டாயமானது. அடுத்த ஆண்டிலிருந்து அதிர்ச்சியை உறிஞ்சும் சுவர்கள் வந்தன. பாதுகாப்பு வந்ததால் சுவாரசியம் போயிற்று என்று சொல்வோர் உண்டு. ஆனால் பார்வையாளர் எண்ணிக்கையின் உச்சம் இந்த மாற்றங்களுக்குப் பிறகுதான் வந்தது. ஆண்டிலேயே அதிகம் பேர் பார்க்கும் பந்தயமான டேடோனா 500-ஐ 2006-இல் அமெரிக்காவில் சராசரியாக 1 கோடியே 94 லட்சம் பேர் பார்த்தார்கள்.

2025-இல் அதே பந்தயத்தைப் பார்த்தவர்கள் சுமார் 68 லட்சம். இடையில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி, அதற்கு 2003-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு மேட் கென்செத் ஒரே ஒரு பந்தயத்தை வென்று சாம்பியன் ஆனார். எட்டுப் பந்தயங்களை வென்ற ரயன் நியூமன் ஆறாம் இடத்தில் முடித்தார். 1975 முதல் நடைமுறையில் இருந்த புள்ளிமுறை வாராவாரம் நிதானமாக முன்வரிசையில் முடிப்பவருக்குச் சாதகமானது. பட்டம் சில வாரங்களுக்கு முன்பே முடிவாகிவிடும். இலையுதிர்காலத்தில் அமெரிக்கக் கால்பந்து தொலைக்காட்சியை விழுங்கிவிடும். ஆகவே 2004-இல் புதிய விதி: முதல் 26 பந்தயங்கள் முடிந்ததும் முதல் பத்துப் பேரின் முன்னிலையை ஏறத்தாழ அழித்துவிடுவார்கள். முதல்வருக்கு 5050, அடுத்தவருக்கு 5045 என்று ஐந்தைந்தாக இறங்கும். மிச்சமுள்ள பத்துப் பந்தயங்களில் பட்டம் தீர்மானமாகும். 2014-இல் இது இன்னும் இறுகியது: பதினாறு பேர் படிப்படியாகக் கழிந்து, கடைசிப் பந்தயத்துக்கு நால்வர் மட்டும் வருவார்கள், அவர்களில் யார் முன்னால் முடிக்கிறாரோ அவரே சாம்பியன். 36-ஆக இருந்த எண்ணிக்கை பத்தாகி, பத்து ஒன்றாகிவிட்டது.

இந்தச் சுருக்கம் என்ன செய்கிறது என்பதை ஒரு எளிய கணக்கில் பார்க்கலாம். இரண்டே ஓட்டுநர்கள், ஒருவர் கொஞ்சம் திறமைசாலி, நூறு முறை மோதினால் அறுபது முறை முந்துவார். ஒரே பந்தயத்தில் பட்டத்தைத் தீர்மானித்தால், திறமை குறைந்தவர் வெல்லும் வாய்ப்பு 40 விழுக்காடு. பத்துப் பந்தயங்களில் அதிக முறை முந்தியவருக்குப் பட்டம், சமமாக முடிந்தால் நாணயம் சுண்டலாம் என்றால் அது 27 ஆகக் குறையும். முப்பத்தாறு பந்தயங்கள் என்றால் வெறும் 11. திறமை வித்தியாசத்தின் மொத்தம் பந்தய எண்ணிக்கையோடு நேராகப் பெருகுகிறது; தற்செயலின் ஆட்டமோ அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு மட்டுமே பெருகுகிறது. நீண்ட சீசன் என்பது அதிர்ஷ்டத்தை வடிகட்டும் சல்லடை. உண்மையான பந்தயத்தில் நாற்பது கார்கள், டயர் வெடிப்பு, அடுத்தவனின் விபத்து எல்லாம் இருப்பதால் தற்செயலின் பங்கு இன்னும் பெரிது. விதியை மாற்றியவர்கள் விரும்பியது, யார் வெல்வார் என்று கடைசி வரை எவருக்கும் தெரியக் கூடாது என்பதைத்தான். கேட்டது கிடைத்தது. 11-ஐ 27 ஆக்கினார்கள், 27-ஐ 40 ஆக்கினார்கள்.

அவர்கள் பக்கம் பொருளியலின் ஆதரவும் இருந்தது. சைமன் ராட்டன்பர்க் 1956-இல் பேஸ்பால் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கருதுகோள் ஒன்று உண்டு: முடிவு எவ்வளவு நிச்சயமற்றதோ அவ்வளவு கூட்டம் வரும். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நாஸ்காரில் நிச்சயமின்மையை ஏற்ற ஏற்றப் பார்வையாளர் இறங்கினார்கள். உச்சம் 2005-06-இல், பிறகு நீண்ட சரிவு, 2020-களில் ஒரு சராசரிப் பந்தயத்துக்கு 30 லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கை. எதிர்த்திசையில் ஃபார்முலா 1-ஐப் பாருங்கள். அதன் அமெரிக்கத் தொலைக்காட்சிக் கூட்டம் 2018-இல் சுமார் 5.5 லட்சமாக இருந்து 2023-இல் 11 லட்சமானது. அந்த 2023-இல் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 22 பந்தயங்களில் 19-ஐ வென்றார். அதைவிட நிச்சயமான முடிவு கிடையாது. அங்கே கூட்டத்தைக் கொண்டுவந்ததில் பந்தய விதிகளைவிட நெட்ஃபிளிக்ஸ் தொடர் ஒன்றுக்குப் பங்கு அதிகம். மனிதர்களைத் தெரிந்துகொண்டவர்கள் முடிவு தெரிந்தாலும் பார்க்கிறார்கள். நாஸ்காரிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு, அதுவும் நம்மூர்ச் சான்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் டிரக் பிரிவில் சில பந்தயங்கள் மட்டுமே ஓடினார், எதையும் வெல்லவில்லை. ஆண்டிறுதியில் ரசிகர் வாக்கெடுப்பில் அந்தப் பிரிவின் மிகப் பிரபலமான ஓட்டுநராக அவர் தேர்வானார்.

இந்த இடத்தில் என் வாதத்தின் மீது விழக்கூடிய மிகக் கனமான எதிர்ப்பைச் சந்திக்க வேண்டும். தற்செயல் பிடிக்காது என்றால், நாஸ்காரிலேயே மிகப் பெரிய லாட்டரியான டேடோனா 500-ஐ ஏன் எல்லாப் பந்தயங்களையும்விட அதிகம் பேர் பார்க்கிறார்கள்? தகடு பொருத்திய மந்தையில் எவரும் வெல்லலாம். 2011-இல் டிரெவர் பெய்ன், இருபது வயது முடிந்த மறுநாள், கோப்பைப் பிரிவில் தன் இரண்டாவது பந்தயத்திலேயே அதை வென்றார். நாடே கொண்டாடியது. ஆம், கொண்டாடியது. ஆனால் அந்த ஆண்டின் சிறந்த ஓட்டுநர் பெய்ன் என்று ஒருவரும் சொல்லவில்லை, சொல்லும்படி விதி யாரையும் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஒரு நாள் நிகழ்வில் தற்செயல் விருந்தாளி. ஆண்டுக் கணக்குப் புத்தகத்தில் அது திருடன். ரசிகர் பிப்ரவரி முதல் தன் ஓட்டுநரின் புள்ளிகளை வாராவாரம் சேர்த்துவைக்கிறார், சீட்டுக் கட்டுவதைப் போல. மாதம் தவறாமல் கட்டியவருக்கும் கடைசி மாதம் வந்து சேர்ந்தவருக்கும் ஒரே தொகை என்றால் அந்தச் சீட்டில் அடுத்த ஆண்டு யார் சேருவார்கள்? 2015-இல் கைல் புஷ் கால் முறிந்து முதல் 11 பந்தயங்களில் ஓடவே இல்லை. சிறப்பு விலக்கு பெற்று வந்து சாம்பியன் ஆனார். அவர் மீண்டு வந்தது உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் அந்த 11 பந்தயங்களுக்கு டிக்கெட் வாங்கியவர்களிடம், நீங்கள் பார்த்தது கணக்கில் இல்லை என்று விதியே சொல்லிவிட்டது. ஜெஃப் கார்டனின் ரசிகர்களுக்கு வலி இன்னும் நீண்டது. பழைய முறையில் கூட்டினால் 2004, 2007 இரண்டு பட்டங்களும் அவருக்குத்தான் வந்திருக்கும். விதி வேறாக இருந்தால் எல்லோரும் வேறு மாதிரி ஓட்டியிருப்பார்கள் என்பது நியாயமான பதில்தான். கையில் பென்சிலோடு கூட்டிப் பார்க்கும் ரசிகர் அதைக் கேட்கமாட்டார்.

ஒற்றை இறுதிப் பந்தயத்தின் ஆதரவாளர்கள் வலுவான ஒரு புள்ளிவிவரத்தை எடுத்து வைப்பார்கள். 2014 முதல் 2022 வரை ஒன்பது ஆண்டுகளும் கடைசிப் பந்தயத்தை வென்றவரே சாம்பியன். அப்படியானால் தகுதியானவர்தானே வென்றார்? ஒரு நாளின் சிறந்தவர் வென்றார் என்பதற்கு அது சான்று, ஆண்டின் சிறந்தவர் வென்றார் என்பதற்கு அல்ல. முதல் ஆண்டான 2014-லேயே ஒரு பந்தயம்கூட வெல்லாத ரயன் நியூமன் கடைசி நால்வரில் ஒருவராகி, இறுதிப் பந்தயத்தில் இரண்டாவதாக முடித்தார். ஒரே வெற்றியோடு ஒருவர் பட்டம் பெற்றதைச் சரிசெய்யத் தொடங்கிய பயணம், வெற்றியே இல்லாமல் பட்டம் பெறும் விளிம்புக்கு வந்து நின்றது. இங்கே 2011-ஐ விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். டோனி ஸ்டூவர்ட்டும் கார்ல் எட்வர்ட்ஸும் சமப் புள்ளிகளில் முடித்து, வெற்றிகளின் எண்ணிக்கையால் ஸ்டூவர்ட் சாம்பியன் ஆனார். அதுவரை அந்த ஆண்டில் எதையும் வெல்லாத அவர் கடைசிப் பத்தில் ஐந்தை வென்றிருந்தார். நாஸ்கார் வரலாற்றின் மிகச் சிறந்த முடிவுகளில் அது ஒன்று. அதுவும் புள்ளிகளை அழித்து எழுதிய முறையின் விளைவே. ஆனால் அங்கே பத்து வாரங்களின் உழைப்பு கணக்கில் நின்றது. தற்செயலுக்கு இடமே கூடாது என்று நான் வாதிடவில்லை. 27-ஐ ஓரளவு தாங்கிய ரசிகர்கள் 40-ஐத் தாங்கவில்லை என்பதே என் கணிப்பு.

எண்ணும் முறை இறுகும்போது ஓட்டுபவர்களின் நடத்தையும் மாறும். 2013-இல் ரிச்மண்டில், கடைசிப் பத்துப் பந்தயங்களான பிளே-ஆஃப் கட்டத்துக்கான இடங்களைத் தீர்மானிக்கும் பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளில் கிளின்ட் பாயர் தன் காரைச் சுழலவிட்டார். அணித் தோழர் உள்ளே நுழைய வேண்டும் என்பதற்காக நடந்த திருகுதாளம் என்று நாஸ்கார் தண்டித்தது: மைக்கேல் வால்ட்ரிப் அணிக்கு 3 லட்சம் டாலர் அபராதம், மார்ட்டின் ட்ரூயெக்ஸ் வெளியே, ஜெஃப் கார்டன் விதியில் இல்லாத 13-வது ஆளாக உள்ளே. பதினோரு ஆண்டு கழித்து அதே ரிச்மண்டில் ஆஸ்டின் டில்லன் கடைசிச் சுற்றில் இரண்டு பேரை இடித்துத் தள்ளி வென்றார். வெற்றி அவருடையதாகவே இருந்தது, அது தரும் பிளே-ஆஃப் இடம் பறிக்கப்பட்டது. 2022-இல் மார்ட்டின்ஸ்வில்லில் ராஸ் சாஸ்டெய்ன் கடைசி வளைவுகளில் பிரேக்கை மறந்து, சுவரில் காரைத் தேய்த்தபடியே பறந்து ஐந்து பேரை முந்தினார். இறுதி நால்வரில் இடம் பிடித்தார், வெளியேறியவர் ஹாம்லின். உலகமே அந்தக் காணொளியைப் பார்த்தது. இதோ, விதி கூட்டத்தைக் கூட்டிவிட்டது என்று சொல்லலாம்தான். அடுத்த ஆண்டின் சராசரித் தொலைக்காட்சிக் கூட்டம் ஏறவில்லை, சற்று இறங்கியது. காணொளியைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் ரசிகர்களாகத் தங்கவில்லை. அப்படி இனி ஓட்டினால் தண்டனை என்று நாஸ்காரும் சொல்லிவிட்டது.

இத்தனையும் சந்தர்ப்பச் சாட்சியம் என்பதை மறுக்க முடியாது. ஒரே காலத்தில் பல மாற்றங்கள் நிகழ்ந்தன. டார்லிங்டனின் தொழிலாளர் தின வாரப் பந்தயம் 2004-இல் கலிபோர்னியாவுக்குப் போனது, தென் மாநில ரசிகர்கள் இதை அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். 2007-இல் எல்லா நிறுவனக் கார்களையும் ஒரே அச்சில் வார்த்தது போன்ற புதிய கார் வந்தது. அதன் முதல் பந்தயத்தை வென்ற கைல் புஷ்ஷே அதைத் திட்டினார். 2008-இல் பொருளாதாரம் சரிந்தது. 2015 முதல் 2017-க்குள் கார்டன், ஸ்டூவர்ட், எட்வர்ட்ஸ், இளைய எர்ன்ஹார்ட் எல்லோரும் விலகினார்கள். எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். பிரிஸ்டல் ஓடுதளம் இதற்கு நல்ல பாடம். உச்சத்தில் அங்கே சுமார் 1.6 லட்சம் இருக்கைகள் இருந்தன. 1982 முதல் 55 பந்தயங்கள் தொடர்ச்சியாக அரங்கம் நிறைந்தது. அந்நாளில் அங்கே ஒரே ஒரு பாதைதான் ஓட்டத்துக்கு வாகாக இருந்தது, முந்த வேண்டும் என்றால் முன்னாலிருப்பவரை இடித்து நகர்த்த வேண்டியிருந்தது. 2007-இல் தளத்தின் சரிவைப் படிப்படியாக மாற்றினார்கள். இரண்டு மூன்று கார்கள் பக்கம் பக்கமாக ஓட முடிந்தது. பொறியாளர் அளவுகோலில் இது சிறந்த பந்தயம். 2010 மார்ச்சில் அரங்கம் நிறையாமல் போனது. 2012-இல் உரிமையாளர் புரூட்டன் ஸ்மித் மேல்பாதையைச் சுரண்டியெடுத்துப் பழைய நெருக்கடியை மீட்கப் பார்த்தார். மந்தநிலை பாதி, தளம் பாதி என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஒட்டுமொத்தத் தொலைக்காட்சிச் சரிவு 2008-க்கு முன்பே தொடங்கிவிட்டது. மந்தநிலையை மட்டும் குற்றவாளியாக்க அது இடம் தருவதில்லை.

பார்வையாளர் குறைந்தால் தொலைக்காட்சிப் பணம் ஏன் குறையவில்லை என்றும் கேட்கலாம். 2025-இல் தொடங்கிய ஏழாண்டு ஒப்பந்தம் 770 கோடி டாலர். அந்தத் தொகை ரசிகர்களின் அன்பை அளக்கவில்லை. நேரலையில் பார்த்தே தீர வேண்டிய நிகழ்ச்சிகள் அருகிவிட்ட காலத்தில், மிச்சமிருக்கும் ஒவ்வொன்றுக்கும் விலை ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

2026-இன் திருத்தம் இந்த வாதத்துக்கு நல்ல சோதனை. பதினாறு பேர், பத்துப் பந்தயங்கள், ஒரு வெற்றி கிடைத்தால் தானாக உள்ளே என்ற சலுகை ரத்து, வெற்றிக்கு 40-க்குப் பதில் 55 புள்ளிகள். என் கணக்கு சரியென்றால் முதல் ஓரிரு ஆண்டுகளில் பெரிய தாவல் எதுவும் வராது. தொடர்ந்து பார்ப்பவர்கள் கழல்வது மட்டும் நிதானப்படும், அதுவும் கடைசிப் பத்துப் பந்தயங்களைவிட ஜூன், ஜூலை மாதங்களின் சாதாரணப் பந்தயங்களில்தான் முதலில் தெரிய வேண்டும். ஏனென்றால் விதி மதிப்பைத் திருப்பித் தந்திருப்பது அந்தப் பந்தயங்களுக்குத்தான். இதையும் சுத்தமாக அளக்க விடமாட்டார்கள். 2025 முதல் கோடைப் பந்தயங்கள் சில அமேசானின் இணைய ஒளிபரப்புக்குப் போய்விட்டன, அதே ஆண்டு செப்டம்பரில் நீல்சன் நிறுவனம் பார்வையாளர்களை எண்ணும் முறையையே மாற்றிவிட்டது.